பசித்துறைக் கப்பல் துணைக்குழு

கல்கத்தாவில் டாக்குரியா மத்யபல்லி துர்கா பூஜைக் கமிட்டிக்கு ஒரு கொள்கை உண்டு. துர்க்கை எந்த ஊரில் வேண்டுமானாலும் வந்து இறங்கலாம். டாக்குரியாவில் மட்டும் இறங்கக் கூடாது. போன வருஷம் எரிமலைக்குள் இறங்கினாள். அதற்கு முந்தைய வருஷம் நீர்மூழ்கிக் கப்பலுக்குள். அந்த வருஷம் வயதானவர்கள் சிலருக்கு மூச்சு முட்டி, பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு விசிறவேண்டி வந்தது. பந்தல் போட்டி நடுவர்கள் அதை அனுபவத்தின் உண்மைத்தன்மை என்று பாராட்டி இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு கைநழுவியதற்குக் காரணம் யாரும் சாகாததுதான் என்று கமிட்டித் தலைவர் அனிமேஷ் லாஹிரி நினைத்தாரா என்பது தெரியாது. ஆனால் இந்த வருஷம் அவர் பந்தலுக்குக் கொண்டுவந்த தீமில் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்.

தீமின் பெயர் பசித்துறை. நானூறு வருஷத்துக்கு மேல் ஆன கதை. தென் அமெரிக்காவின் அடிக்கோடியில், காற்றையும் மழையையும் தவிர எதுவும் விளையாத ஒரு ஜலசந்திக் கரையில், ஆங்கிலேயக் கப்பல்களை மறிக்க ஒரு நகரம் வேண்டும் என்று ஸ்பெயின் ராஜாவுக்குத் தோன்றியது. ஏறத்தாழ முந்நூறு பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். சிப்பாய்கள், அவர்கள் பெண்டாட்டிகள், குழந்தைகள், சாமியார்கள். நகரத்துக்கு ராஜாவின் பெயரையே வைத்தார்கள். நிறுவிய தளபதி கப்பலேறிப் போனவர், புயலில் மாட்டித் திரும்பவே முடியவில்லை. பிறகு ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள், அவர்கள் விட்டதும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அகப்படாமல் இருந்த நேரத்திலெல்லாம் ராஜாவுக்கு எழுதினார். ராஜாவின் காரியாலயம் எல்லாவற்றையும் படித்துக் கவனத்தில் கொண்டது. கரையில் இருந்தவர்கள் சிப்பியும் கடல்பாசியும் தின்றார்கள். அப்புறம் அதுவும் இல்லை. மூன்று வருஷம் கழித்து அந்த வழியாகப் போன ஆங்கிலேயர்கள்தான் அந்த இடத்துக்குப் பசித்துறை என்று பெயர் வைத்தார்கள். ராஜாவின் பெயர் அங்கே ஒட்டவில்லை.

லாஹிரி தில்லியில் இணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தீமின் கதையை அவர் விளக்கியபோது கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். பசிக்காக அவ்வளவு தூரம் போவானேன், நாற்பத்து மூன்றின் வங்கப் பஞ்சத்தில் இதே தெருவில் வாசல் வாசலாகக் கஞ்சித்தண்ணீர் கேட்டுச் செத்தார்களே, அதையே வைக்கலாமே என்றார்.

லாஹிரி பொறுமையாகப் பதில் சொன்னார். "அந்தப் பஞ்சத்தை வைத்தால், அரிசி யாருடைய கிடங்கில் இருந்தது என்று யாராவது கேட்பார்கள். இந்த அறையில் பாதிப் பேருக்குத் தாத்தா உண்டு. ஸ்பெயின் பசியில் நமக்கு உறவினர் யாரும் இல்லை. ஆகவே அது கலை."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இந்தக் கமிட்டியில் சந்தானம் வந்து மாட்டிக்கொண்டது கப்பலால். கும்பகோணத்துக்காரர், கல்யாணமான புதிதில் கல்கத்தாவுக்கு வந்தவர். கார்டன் ரீச் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் விசாரணை மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றார். சரக்குக்காகக் காத்திருக்கும் வியாபாரிகள் வந்து கப்பல் எங்கே என்று கேட்பார்கள். அந்த ஆபீஸில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கப்பல் எங்கே இருந்தாலும் பதில் ஒன்றுதான்: வந்துகொண்டிருக்கிறது. கொழும்பில் பழுதாகி நின்றாலும் வந்துகொண்டிருக்கிறது. முழுகிப்போன கப்பல் ஒன்று, இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து சேரும் வரை, வந்துகொண்டேதான் இருந்தது. வராது என்ற சொல்லைச் சொல்ல அதிகாரம் உள்ளவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. சந்தானம் பொய்யர் அல்ல. அவருக்கு அது பொய்யாகவே பட்டதில்லை, தும்மல் மாதிரி தானாக வரும்.

"நம்மில் கப்பலை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்று சொல்லி, லாஹிரி அவரைக் கப்பல் துணைக்குழுவின் அமைப்பாளர் ஆக்கினார். துணைக்குழுவில் வேறு யாரும் இல்லை. தீமில் கப்பலும் இல்லை.

"அதுதான் அழகு" என்றான் ரிஷிராஜ். அவன் தீம் கலைஞன், தலையில் குடுமி. வயதில் மூத்தவர் யாரும் அவனுக்குத் 'தா', அதாவது அண்ணன். "எல்லாம் இருக்கும் சந்தானம்-தா. கப்பல் மட்டும் இருக்காது. ஜனங்கள் உங்களிடம் வந்து கேட்பார்கள். நீங்கள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும்."

இத்தனை வருஷத்தில் தன் தொழிலை அழகு என்று ஒருவன் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தானம் ஒத்துக்கொண்டார்.

பந்தல் நன்றாகத்தான் வந்தது. மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய குடிசைகள், கூரை போன தேவாலயம், ஒரு காவல் கோபுரம், ஒரு தூக்குமரம். எதிரே ப்ளைவுட்டில் வரைந்த சாம்பல் நிறக் கடல். துர்க்கையைத் தேவாலயத்துக்குள் வைத்து, பத்துக் கைகளையும் ரிஷிராஜ் காலியாக விட்டிருந்தான். பசியாம்.

குடியேறிகளாக நிற்பதற்குக் கானிங் லோக்கல் ரயிலில் வந்து இறங்கும் கூலிக்காரர்களில் ஒல்லியானவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். சஷ்டி அன்று காலை அவர்களுக்குச் சாக்கு உடையைக் கொடுத்துவிட்டு லாஹிரி உரை நிகழ்த்தினார்.

"நண்பர்களே, நீங்கள் பசியை நடிக்கக் கூடாது. நடிப்பு என்பது பொய், இந்தக் கமிட்டி பொய்யை ஒருபோதும் ஆதரித்ததில்லை. ஆகவே நடுவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை யாரும் எதுவும் உட்கொள்ள வேண்டாம். உங்கள் வயிறு உங்களுக்காகப் பேசட்டும். ஏழைகளிடம் இருக்கும் இந்த உண்மை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்காத வரம் என்பதை நான் தாழ்மையோடு ஒப்புக்கொள்கிறேன்."

பேசிவிட்டு அவர் போக் சாப்பிடப் போனார். போக் என்றால் அம்மனுக்குப் படைத்த கிச்சடிப் பிரசாதம். சாக்குத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தா கட்டிய குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன். நெய் வாசனைக்குக் கூப்பன் தேவையில்லை என்பதால் அது தடுப்பைத் தாண்டி வந்துவிட்டது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த கூலிக்காரர்கள், சாக்கு உடையோடேயே ஸ்டேஷனுக்கு நடந்து கானிங் லோக்கலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கமிட்டிச் செயலாளர் பாப்பா-தா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு ஆட்களைத் தேட நாலு பக்கமும் பையன்களை அனுப்பினார். சாயங்காலம் ஜனம் வர ஆரம்பித்தபோது பந்தல் நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பையன் கூட்டிவந்திருக்கிறான் என்று பாப்பா-தா நினைத்தார். பாப்பா-தா கூட்டிவந்ததாக லாஹிரி நினைத்தார். ரிஷிராஜ் ஒன்றும் நினைக்காமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கோபுரத்தடியில் தன் இடத்தில் நின்ற சந்தானத்துக்கு முதலில் குளிர்தான் உறைத்தது. அக்டோபர் மாதக் கல்கத்தாவில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற புழுக்கத்தில், அந்தக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. வெளியே தாக் மேளம் இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அது வெகுதூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதாகக் கேட்டது. குடியேறிகளாக நின்றவர்கள் யாரும் ஜனங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் ப்ளைவுட் கடலையே பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் நின்ற இடம் ஈரமாக இருந்தது. உதடுகள் உப்புப் பூத்து வெடித்திருந்தன. வாய் திறந்தவர்களின் பல்லிடுக்கில் சிப்பி ஓட்டின் துணுக்குகள் தெரிந்தன.

ஒருத்தி மட்டும் திரும்பினாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. குழந்தையின் தலை தள்ளாடியது, ஆனால் கண் மூடவில்லை. மூடப்போகும்போதெல்லாம் தாய் அதன் கன்னத்தைத் தட்டினாள்.

"மாமா, கப்பல் எப்போ வரும்?" என்று கேட்டாள்.

ஸ்பெயின்காரி கும்பகோணத்துத் தமிழ் பேசுவாளா என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. அவர்கள் பேச்சு கேட்பவர்களுக்கு அவரவர் வீட்டுப் பாஷையாகக் கேட்டது என்று பிறகு தெரிந்தது. லாஹிரிக்கு அது நல்ல பள்ளிக்கூடத்து வங்காளியில் கேட்டதாம். கேள்வி காதில் விழுந்தவுடன் சந்தானத்தின் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"வந்துண்டிருக்கும்மா."

அதைக் கேட்டதும் கூட்டம் முழுவதும் ஒரு மூச்சு விட்டது. பின்வரிசையில், இல்லாத இடத்திலிருந்து, இன்னும் சிலர் எழுந்து வந்து நின்றார்கள். கிழவர் ஒருவர் தாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மேலே போட்டு மூடிய மண் என்று சந்தானத்துக்குத் தோன்றியது.

"தூங்கப் பண்ணேம்மா குழந்தையை" என்றார் அவளிடம்.

"அது எப்படி மாமா? கப்பல் வர நேரத்துல தூங்கிட்டா ஏத்திக்க மாட்டா. முழிச்சுண்டு நிக்கறவாளைத்தான் ஏத்திக்கணும்னு உத்தரவு." அவள் பெயர் இசபெல் என்று சொன்னாள். "நாங்கள்லாம் என்னிக்கோ படுத்துட்டோம். மூணாவது குளிர்லயே படுத்தாச்சு. ஆனா கப்பல் வரதுன்னு அதிகாரி யாராவது சொன்னா, எங்க கிடந்தாலும் எழுந்து வந்து நிக்கணும். நீங்க சொல்லிட்டேள். இனிமே வர வரைக்கும் நிப்போம்."

பார்க்க வந்த வரிசையில் ஒரு பையன் தூக்குமரத்தடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

சந்தானம் நேராக லாஹிரியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். லாஹிரி பந்தலுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தார். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர். அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டம் க்ளப் அறையில் நடந்தது. சந்தானத்துக்கு நினைவிருப்பது இதுதான்: அவர்கள் செத்தவர்கள் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் அவர்களைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. வெளிநாட்டினர் என்றால் போலீஸில் பதிய வேண்டும் என்றார் பாப்பா-தா. பதிவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், அவர்கள் ஸ்பெயினா சிலியா என்று வேறு முடிவு செய்ய வேண்டும். கலைஞர்கள் என்றால் அவர்களுக்கும் போக் கூப்பன் கொடுக்க வேண்டிவரும் என்றார் இன்னொருவர். லாஹிரிதான் முடிச்சை அவிழ்த்தார்.

"அவர்களைப் பாரம்பரிய விருந்தினர் என்று வகைப்படுத்துவோம். விருந்தினருக்குச் சாப்பாடு போடுவது நம் பண்பாடு. ஆனால் பசி அவர்களுடைய பண்பாடு. அதில் தலையிட நமக்கு உரிமை இல்லை."

"அவா நிக்கறது நான் சொன்ன ஒரு வார்த்தையால" என்று சந்தானம் தமிழில் ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு வங்காளிக்கு மாறினார். "நான் போய் கப்பல் வராது என்று சொல்லிவிடுகிறேன். போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்."

ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டவரைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சந்தானம் பாபு" என்றார் லாஹிரி. "நான் இருந்த துறையில் என் முன்னால் ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்தன. ஒன்றைக்கூட நான் நிராகரித்ததில்லை. கடைசிவரை பரிசீலித்தேன். மனுப் போட்டவர்கள் நம்பிக்கையோடு செத்தார்கள். வராது என்று சொல்வது கொடுமை. நீங்கள் அவர்களிடமிருந்து எதிர்காலத்தைப் பறிக்கிறீர்கள்."

முடிவில் ஒரு சமரச வாசகம் தயாரிக்க மூவர் குழு போட்டார்கள். குழு உடனே உட்கார்ந்து ஒரு வரி எழுதியது: கப்பலின் வருகை குறித்துப் பிற்பாடு அறிவிக்கப்படும். அதை லாஹிரி தானே மைக்கில் வாசித்தார். கூடவே, இந்த விஷயம் மிக உயர்ந்த மட்டத்தில் கவனிக்கப்படுகிறது, உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை, சற்றே ஒத்துழையுங்கள் என்று சேர்த்துக்கொண்டார். குடியேறிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அவர் முடிக்கும்போது பின்னால் இன்னும் இரண்டு வரிசை எழுந்து நின்றிருந்தது.

இசபெல் சந்தானத்தின் பக்கம் குனிந்து, "இவரை எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அஷ்டமி அன்று பந்தலைப் பார்க்க ரயில் பாதை வரை வரிசை நின்றது. ஜனங்கள் உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டு போனார்கள். வெளியே வரும்போது யாரும் யாருடனும் பேசவில்லை. எதிரே எக்ரோல் கடைக்காரன் ஒரு ரோலும் விற்கவில்லை என்று புலம்பினான். பந்தலைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சாப்பாட்டைக் கண்டால் கூசியது.

சந்தானத்தின் மனைவி பாகீரதி அன்று மத்தியானம் ஒரு டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற தொண்டன், உள்ளே உணவுப்பொருள் அனுமதி இல்லை மாஷிமா என்றான். "இது பிரசாதம்ப்பா" என்று சொல்லி அவனையே ஒரு வாய் தின்னவைத்துவிட்டு உள்ளே போனாள். இசபெல்லின் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு உருண்டை உருட்டி நீட்டினாள். குழந்தை பார்த்தது. கை நீளவில்லை.

"சாப்பிட முடியாது மாமி" என்றாள் இசபெல். "எங்க பங்கு கப்பல்ல வரது. அது வரதுன்னு சொன்னப்புறம் வேற எதுவும் தொண்டையில இறங்காது. அவளும் அழறதில்லை பாருங்கோ. அழறதை எப்பவோ விட்டுட்டா. தூக்கம்தான் வேணும் அவளுக்கு. தூங்கட்டுமான்னு கண்ணாலயே கேக்கறா. நான் கன்னத்தைத் தட்டிண்டே இருக்கேன்."

பாகீரதி டப்பாவை மூடினாள். வெளியே வந்து கணவனைத் தனியே அழைத்துப்போனாள். அவள் அழுதிருந்தாள்.

"நீங்க ஆபீஸ்ல ஆயிரம் பேருக்குச் சொன்னேள். அவாள்லாம் வியாபாரி, வேற வேலையைப் பாத்துண்டு போயிட்டா. இதுகள் நம்பிட்டுதுகள். ஒரு குழந்தையைத் தூங்கவிடாம நிக்கவெச்சிருக்கேள். உங்க கமிட்டி என்ன சொன்னா எனக்கென்ன. போய் வராதுன்னு சொல்லிட்டு வாங்கோ."

"எனக்குச் சொல்ல வரலை, பாகீரதி" என்றார் சந்தானம். அது நிஜம். அஷ்டமி பூராவும் மூன்று தடவை கிட்டே போனார். மூன்று தடவையும் வாய் திறந்தால் 'வந்து' என்றே ஆரம்பித்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

நவமி அன்று மத்தியானம், நடுவர்கள் இன்னும் சற்றுநேரத்தில் வருகிறார்கள் என்று பாப்பா-தா ஓடிக்கொண்டிருந்தபோது, சந்தானம் கமிட்டி பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இசபெல் முன்னால் போய் நின்றார். ரயில் டிக்கெட் வாங்குகிறவன் சில்லறையை எண்ணிக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வராதும்மா. கப்பல் வராது. ராஜா அனுப்பலை. யாரும் அனுப்பலை. நான் சொன்னது தப்பு."

காற்று நின்றது. எல்லாத் தலைகளும் கடலை விட்டுத் திரும்பின.

"எங்கள்ல ஒருத்தன் இதைச் சொன்னான்" என்றாள் இசபெல். "அப்பவே சொன்னான். வராது, சும்மா கடலைப் பாத்துண்டு நிக்காதீங்கோ, காட்டுப் பக்கம் போய்ப் பாப்போம்னான். கலகம் பண்றான்னு தூக்குல போட்டுட்டோம். என் ஆத்துக்காரர்தான் அவன்." குழந்தையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டாள். "கயித்தைப் பிடிச்சு இழுத்தவாள்ல நானும் ஒருத்தி மாமா. கப்பல் வரும்னு அவ்வளவு நம்பினேன்."

பிறகு அவர்கள் போனார்கள். சத்தமில்லை, கதறல் இல்லை. மூட்டைகளை எடுத்துக்கொண்டு, தேவாலயத்துக்குப் பின்னால், பந்தலின் சாக்கு முடிந்து பூங்காவின் புல் ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒவ்வொருவராக நடந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தபோது புல் ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

நடுவர்கள் வந்தபோது பந்தலில் ஒரு ஆள் இல்லை. பாப்பா-தா ஓரத்தில் நின்று அழுதார். நடுவர்கள் காலிக் குடிசைகளுக்கு நடுவே வெகுநேரம் நடந்தார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்மையையே காட்சிப்படுத்துகிற துணிச்சல் இந்த நகரத்தில் வேறு எந்தக் கமிட்டிக்கும் கிடையாது" என்றார். மத்யபல்லிக்கு முதல் பரிசு அறிவிக்கப்பட்டது.

லாஹிரி சந்தானத்தைக் கட்டிக்கொண்டார். இந்த இன்மை தம் நெடுநாள் திட்டம் என்று நிருபர்களிடம் சொன்னார். அன்றே கூடிய கமிட்டி, பாரம்பரிய விருந்தினரை ஆண்டுதோறும் அழைப்பது என்று தீர்மானித்தது. முதல் பரிசு பெற்ற பந்தல்கள் அரசாங்க ஊர்வலத்தில் லாரி மேல் காட்சி வைத்துப் போக வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும்.

"அவர்கள் வர மாட்டார்கள்" என்றார் சந்தானம். "படுத்துவிட்டார்கள்."

"அழைக்கும் முறையில் அழைத்தால் யாரும் வருவார்கள்" என்றார் லாஹிரி.

ஊர்வலத்து நாள் சாயங்காலம் சந்தானமும் பாகீரதியும் பூங்காவுக்குப் போனபோது, பந்தலைப் பாதி பிரித்திருந்தார்கள். நடுவில் ஒரு லாரி நின்றது. லாரி மேல் ஒரு கப்பல். தெர்மோகோலில் ரிஷிராஜ் ராப்பகலாக உழைத்துச் செய்திருந்தான். மூன்று பாய்மரம், உடம்பெல்லாம் சீரியல் விளக்கு, முன்முனையில் சிலுவை. சந்தானம் புரிந்துகொண்டு ஓட ஆரம்பிப்பதற்குள் லாஹிரி, கழுத்தில் மாலையோடு, மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"பசித்துறை வாசிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் கப்பல் வந்துவிட்டது. விழித்திருப்பவர்கள் அனைவரும் உடனே வந்து ஏறிக்கொள்ளவும்."

புல்லிலிருந்து அவர்கள் எழுந்தார்கள். இந்தத் தடவை நிற்கவில்லை, ஓடிவந்தார்கள். எலும்புக்கால்களால் விழுந்து எழுந்து ஓடிவந்தார்கள். மூட்டைகள் சிதறின. சாமியார் ஒருவர் சிரித்தபடி அழுதார். எல்லோருக்கும் முன்னால் இசபெல், குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. அது சிரித்து அன்றுதான் சந்தானம் பார்த்தார்.

"வந்துடுத்து மாமா" என்றாள் இசபெல் மூச்சிரைக்க. குரலில் கோபம் இல்லை. "வராதுன்னேளே. பாருங்கோ, வந்துடுத்து. இனிமே அவ தூங்கவே வேண்டாம்."

லாரி ஏணியில் அவள் கால் வைத்தாள். பக்கத்தில் தொண்டர்கள், ஏறுகிறவர்களை வரிசையாக, இரண்டிரண்டு பேராக வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாஹிரி, அடுத்த வருஷமும் இதே முறையைப் பின்பற்றலாம் என்று பாப்பா-தாவிடம் சொன்னது சந்தானத்தின் காதில் விழுந்தது.

சந்தானம் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை, மேஜையைக்கூடத் தட்டியதில்லை. அவர் லாரியின் சக்கரத்தில் ஏறி நின்று கப்பலின் வயிற்றில் முஷ்டியால் குத்தினார். கை முழங்கை வரை உள்ளே போனது, சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. இழுத்தார். ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. வெள்ளைக் குருணை கொட்டி, இசபெல்லின் தலையிலும் குழந்தையின் முகத்திலும் பனி விழுவதாக விழுந்தது. மறுபடி குத்தினார். விளக்கு வயர் அறுந்து பாய்மரம் இருண்டது. உள்ளே ஒன்றுமில்லை. மூங்கில், கம்பி, லாரியின் இரும்புத் தளம்.

"பாத்துக்கோ" என்றார். "இதுதான். இவா பண்ணினது. இதுல சாப்பாடு இல்லை, ஊருக்கும் போகாது. இவா வருஷாவருஷம் கூப்பிடுவா. வராதேள். என்ன சொன்னாலும் வராதேள்."

இசபெல் ஏணியிலிருந்து காலை எடுத்தாள். உள்ளங்கையில் விழுந்த குருணையை முகர்ந்து பார்த்தாள். அவள் பின்னால் எல்லோரும் அப்படியே நின்றார்கள். யாரை நம்புவது என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது. மாலை போட்டவர் வந்துவிட்டது என்கிறார். சட்டை கிழிந்தவர் இல்லை என்கிறார். இப்படி நின்றவர்கள்தானே முன்பு ஒரு தடவை கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள்.

சொல்லிப் பிரயோஜனமில்லை என்று சந்தானத்துக்குத் தெரிந்தது. சொல்லுக்கு இருந்த மதிப்பையெல்லாம் அவரும் அவர் மாதிரி ஆட்களுமாகச் செலவழித்து முடித்துவிட்டிருந்தார்கள். அவர் கீழே இறங்கி, குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினார். இசபெல் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். எடையே இல்லை. அவர் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, மூட்டுவலியோடு, அந்தச் சேற்றுப் புல்லில் மல்லாக்கப் படுத்தார்.

பாகீரதி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இசபெல் மண்டியிட்டாள். கன்னத்தைத் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையைக் குழந்தையின் முதுகில் வைத்தாள். பிறகு அவளும் படுத்தாள். தொப்பியைத் தலைக்கு வைத்துக்கொண்டு கிழவர் படுத்தார், சாமியார் படுத்தார். பூங்கா முழுவதும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றான்.

பாப்பா-தா ஓடிவந்து, "எழுந்திருங்கள் சந்தானம்-தா, ஊர்வலத்துக்கு நேரமாகிறது" என்று தோளை உலுக்கினார்.

"நான் வரலை" என்றார் சந்தானம்.

மைக்கில் லாஹிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிறு தொழில்நுட்பக் கோளாறு. பசித்துறை வாசிகள் தயவுசெய்து எழுந்து நிற்கவும். மாற்றுக் கப்பலுக்கு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. கப்பல் வந்துகொண்டிருக்கிறது. மீண்டும் அறிவிக்கிறோம், கப்பல் வந்துகொண்டிருக்கிறது."

பூங்காவில் ஒரு தலையும் நிமிரவில்லை. குழந்தை மட்டும் பாதி மூடிய கண்ணைத் திறக்கப் பார்த்தது. சந்தானம் அதன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.